சித்திரவதைப் புகாரைக் கையாள்வது எப்படி: அரசு வழக்குரைஞருக்கும் இராணுவ நீதி அதிகாரிக்கும் முழு வழிகாட்டி

"ஆதாரம் இல்லை" என்று மூடப்பட்ட சித்திரவதைப் புகார்க் கோப்புகளைப் படிப்பதில் பல ஆண்டுகள் போயிருக்கின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. வழக்குரைஞர் அலுவலகத்திலிருந்து போகும் முதல் கடிதம், யார் மேல் புகாரோ அந்தப் பிரிவுக்கே போகிறது: "இது குறித்துத் தங்கள் விளக்கத்தை அனுப்பவும்." விளக்கம் வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் வீக்கம் வடிந்துவிடும், கேமராப் பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும், பதிவேடும் திருத்தமாகிவிடும். அதன் பிறகுதான் ஆளை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். மருத்துவர் "காயம் ஏதும் தென்படவில்லை" என்று எழுதுகிறார். அதில் பொய் எதுவும் இல்லை.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சட்டத்தில் அல்ல, வரிசையில்தான். எனவே இந்த வழிகாட்டியும் வரிசையைப் பற்றியதுதான்: முதலில் உடல், பிறகு ஆவணம், பிறகு ஆட்கள். சம்பந்தப்பட்ட பிரிவின் விளக்கம் கடைசியில்.

1. புகார் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

புகார் வந்த பிறகு மருத்துவரைத் தேடத் தொடங்கினால் இரண்டு நாள் அதிலேயே போய்விடும். முன்கூட்டியே ஒரு பட்டியல் வேண்டும்: காயங்களை ஆவணப்படுத்தத் தெரிந்த மருத்துவர்கள் (ஒரு பெண் மருத்துவராவது இருக்க வேண்டும்), ஒரு மனநல மருத்துவர், காவல்துறையிலோ படையிலோ சம்பளம் வாங்காத மொழிபெயர்ப்பாளர்கள். இரவு எண்களையும் சேர்த்து எழுதி வையுங்கள். இந்தப் புகார்கள் வெள்ளிக்கிழமை மாலையில் வந்து சேர்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

பதிவுகளையும் பதிவேடுகளையும் அழிக்கக் கூடாது என்ற உத்தரவின் மாதிரி ஒன்று தயாராக இருக்கட்டும். தேதியையும் இடத்தையும் மட்டும் நிரப்பி அனுப்பும்படி இருந்தால் போதும்.

சித்திரவதைப் புகார்களுக்கென்று தனிப் பதிவேடும் தனி வரிசை எண்ணும் வேண்டும். பொது மனுக்களோடு கலந்துவிட்டால் எத்தனை வந்தன, எத்தனை எங்கே நிற்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது.

இஸ்தான்புல் நெறிமுறையின் 2022 திருத்தப் பதிப்பு மேசையில் இருக்கட்டும். சித்திரவதையை எப்படி விசாரிப்பது, எப்படி ஆவணப்படுத்துவது என்பதற்கு ஐ.நா. வெளியிட்டுள்ள கையேடு அது. மருத்துவருக்கு உள்ளது போலவே சட்டத் துறையினருக்கும் அதில் தனிப் பகுதி இருக்கிறது. மருத்துவ அறிக்கையை வைத்துக்கொண்டு திணறும்போதுதான் அதன் அருமை தெரியும்.

2. எதைப் புகாராக எடுத்துக்கொள்வது

கையெழுத்துப் போட்ட மனு வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு புகார் சொல்லும் உரிமையைத் தருகிறது. 12-ஆம் பிரிவு அதற்கும் மேலே போகிறது. சித்திரவதை நடந்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், யாரும் புகார் தராவிட்டாலும் உடனடியாகவும் பாரபட்சமின்றியும் விசாரிக்க வேண்டும் என்கிறது.

எனவே வழக்கறிஞர் வாய்மொழியாகச் சொன்னது, தாய் எழுதிய துண்டுச் சீட்டு, மருத்துவமனையின் சேர்க்கைக் குறிப்பு, கைபேசியில் சுற்றும் படம் எல்லாமே தொடக்கப்புள்ளிதான். உங்கள் கண்ணெதிரே நிற்பவரும் அப்படித்தான். துருக்கி தொடர்பான அக்சோய் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996-இல் இதைத்தான் சுட்டிக்காட்டியது. கைகளைச் சரியாக அசைக்க முடியாத நிலையில் ஒருவர் அரசு வழக்குரைஞர் முன் நின்றிருந்தார். வழக்குரைஞர் எதுவும் கேட்கவில்லை. பார்த்தும் கேட்காமல் விட்டதே உரிமை மீறலாக எண்ணப்பட்டது.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, "முதலில் உண்மையா என்று பார்த்துவிட்டுப் பிறகு பதியலாம்" என்பது. உண்மையா என்று பார்ப்பதுதான் விசாரணை. அதைப் பதிவுக்கு முன்னால் நடத்தினால் அதற்கு எண்ணும் இல்லை, காலக்கெடுவும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை.

"இது சித்திரவதையா, வெறும் முரட்டுத்தனமா" என்ற கேள்வியையும் இந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டாம். அந்த அளவுக்குப் போகாத கொடுமைகளுக்கும் விசாரணைக் கடமை பொருந்தும் என்று உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புகாரைத் திரும்பப் பெற்றால்? கோப்பை மூடாதீர்கள். ஏன் திரும்பப் பெற்றார் என்பதையும் விசாரணையில் சேருங்கள். காவலில் இருக்கும்போது எழுதிக் கொடுத்த வாபஸ் கடிதம் என்றால், அதை எழுதிய தாள் எங்கிருந்து வந்தது என்பது வரை கேட்க வேண்டும்.

3. முதல் 24 மணி நேரம்: உடலும் பாதுகாப்பும்

உடல்தான் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக மாறும் ஆதாரம். கன்னத்தில் ஓங்கி அறைந்ததால் செவிப்பறையில் விழும் சிறு கிழிசல் பத்து நாளுக்குள் ஆறிவிடக்கூடும். உள்ளங்காலில் அடித்த வீக்கம் வடிந்தபின் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போகலாம். கனமாக அடிபட்ட தசை சிதைந்தால் சிறுநீர் கருமையாகும், இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவு ஏறும். அதுவும் சில நாள் கதைதான். பாலியல் வன்முறை நடந்திருக்கலாம் என்றால் உடல் மாதிரி எடுப்பதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழு 1998-இல் ஸ்பெயின் தொடர்பான ஒரு புகாரில் இதையே காரணமாகச் சொன்னது. விசாரணை உடனே தொடங்காவிட்டால் கொடுமை தொடரலாம், உடலில் உள்ள தடயங்களும் விரைவில் மறையும். அந்தப் புகாரில் தாமதம் ஆண்டுக் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில்தான் இருந்தது. அதையே குழு ஏற்கவில்லை.

மருத்துவரிடம் அனுப்பும் கடிதத்தில் "பரிசோதித்து அறிக்கை தரவும்" என்று மட்டும் எழுதினால் ஒரு வரிச் சான்றிதழ்தான் வரும். என்ன செய்யப்பட்டதாக அவர் சொல்கிறார், எப்போது, எதனால் அடித்தார்கள் என்பதை மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். அப்போதுதான் எங்கே பார்ப்பது, எந்தப் பரிசோதனை எடுப்பது என்று அவருக்குப் புரியும். கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டதாகச் சொன்னால் தோள்பட்டையின் நரம்பைச் சோதிக்க வேண்டும். இதை யாரும் சொல்லாவிட்டால் மருத்துவர் தோளைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

காவலர் பரிசோதனை அறைக்குள் இருக்கக் கூடாது. தப்பிவிடுவார் என்ற பயம் இருந்தால் கதவுக்கு வெளியே, பேச்சு கேட்காத தூரத்தில் நிற்கட்டும். அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை மருத்துவர் அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு கோப்பு காரணம். "உடலில் காயம் ஏதும் இல்லை" என்று அதில் ஒரே வரி. மருத்துவமனை வாயிற்பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் இடையில் ஏழு நிமிடம். நுழைவுச் சீட்டு போடும் நேரமும் அதில் அடக்கம். பிறகு அந்த மனிதரைக் கேட்டபோது, சட்டையைக் கழற்றவே சொல்லவில்லை என்றார். கைவிலங்கு மாட்டியிருந்ததால் கழற்றவும் முடியாதே என்று அவரே சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வரிச் சான்றிதழை நம்பித்தான் இரண்டு ஆண்டுகளாகக் கோப்பு மூடிக் கிடந்தது.

படம் எடுக்கும்போது முதலில் முழு உடல், பிறகு அந்தப் பகுதி, பிறகு அளவுகோல் வைத்து நெருக்கமாக. வெறும் நெருக்கப்படம் மட்டும் இருந்தால் அது யாருடைய முதுகு என்றே நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. சில நாள் கழித்து மறுபடி எடுங்கள். சில கன்றல்கள் முதல் நாளில் தெரியாது, பிறகுதான் மேலே வரும்.

அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய இன்னொன்று: அவர் இன்றிரவு எங்கே தூங்கப் போகிறார்? புகார் சொன்ன அதே ஆட்களின் சாவியின் கீழ் என்றால், நீங்கள் எடுத்த வாக்குமூலமே அவருக்கு ஆபத்து. இடமாற்றத்துக்கு உத்தரவிடுங்கள். ஆனால் தனிமைச் சிறையில் போட்டுவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் புது இடத்தைத் தெரிவிப்பதும் இதில் சேரும். புகார்தாரரையும் சாட்சிகளையும் பழிவாங்கலிலிருந்து காப்பது உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு விதிக்கும் கடமை.

4. அழியக்கூடியவற்றை உடனே கைப்பற்றுங்கள்

அதே நாளில் செய்ய வேண்டிய இரண்டாவது வேலை இது. கேமராப் பதிவுகள் பல இடங்களில் தானாகவே பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். எத்தனை நாள் நிற்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் கருவியையே கைப்பற்றுங்கள். கேமரா "பழுது" என்று சொன்னால், எப்போது பழுதானது, யாரிடம் புகார் செய்தார்கள், பழுது பார்த்த ரசீது எங்கே என்று கேளுங்கள். முந்தின நாளும் மறுநாளும் வேலை செய்து, அந்த ஓர் இரவு மட்டும் கண் மூடிய கேமராக்கள் உண்டு.

பதிவேடுகளில் நகலை வாங்காதீர்கள், அசலை எடுங்கள். ஒரு முறை நகலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அசலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தபோது பத்து நாள் பதிவுகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. மூன்று ஷிப்ட் நடக்கும் இடத்தில் பத்து நாளும் ஒருவரே எழுதியிருக்கிறார்!

எவற்றை எடுப்பது? காவல் பதிவேடு, பணிப்பட்டியல், வாயிற்பதிவேடு, வண்டியின் லாக் புக் எல்லாவற்றையும் எடுங்கள். இராணுவ முகாம் என்றால் காவல் பணி மாற்றக் குறிப்பு, வயர்லெஸ் பதிவு, நடவடிக்கை உத்தரவு, கைதியை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு ஒப்படைத்த படிவம் ஆகியவையும் வேண்டும். முகாம் மருத்துவ அறையின் நோட்டை மறக்கவே கூடாது. கைதிக்கு வலி மாத்திரை கொடுத்த ஒரு வரி அதில் இருந்தால், அன்று அவருக்கு வலி இருந்தது என்று முகாமே எழுதிக் கொடுத்தது போல. பதிவேட்டைத் திருத்துபவர்களுக்கு மாத்திரை நோட்டு ஞாபகத்துக்கு வருவதில்லை.

கைது செய்யப்பட்ட நேரத்துக்கும் அதிகாரப்பூர்வமாகக் காவலில் பதிந்த நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தனியாக ஒரு தாளில் குறியுங்கள். வண்டி எரிபொருள் கணக்கு, கைபேசிக் கோபுரத் தகவல், வாயிற்பதிவேடு மூன்றையும் வைத்து அந்த மணிநேரங்களை நிரப்பப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் நடந்திருப்பது அங்கேதான்.

இடத்தையும் போய்ப் பாருங்கள். புகார்தாரர் சொன்ன கொக்கி, தண்ணீர்த் தொட்டி, சுவரின் நிறம் ஆகியவை இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் அதையும் படம் எடுங்கள்.

5. யார் விசாரிப்பது?

இராணுவ நீதி அதிகாரிகள் தடுமாறுவது இங்கேதான். எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

குற்றம் சாட்டப்பட்டவர் படைவீரர் என்பதாலேயே வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று பல அதிகாரிகள் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சர்வதேச நெறி அதற்கு நேர் எதிராக நிற்கிறது. இராணுவ நீதிமன்றங்கள் பற்றி 2006-இல் ஐ.நா. மனித உரிமை அமைப்பிடம் வைக்கப்பட்ட தெகோ கோட்பாடுகளின் 9-ஆம் கோட்பாடு, சித்திரவதை போன்ற கடும் மனித உரிமை மீறல்களைச் சாதாரண நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்கிறது. மெக்சிகோ தொடர்பாக அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2009-இலும் 2010-இலும் தந்த தீர்ப்புகளும் இதையே சொல்லின. அதன் பிறகு 2014-இல் மெக்சிகோ தன் இராணுவ நீதிச் சட்டத்தையே திருத்தி, பொதுமக்கள் பாதிக்கப்பட்ட வழக்குகளை இராணுவ நீதிமன்றத்திடமிருந்து எடுத்தது.

உங்கள் நாட்டுச் சட்டம் எப்படி இருந்தாலும் வரிசை ஒன்றுதான். எந்த நீதிமன்றம் என்ற சண்டை நடக்கட்டும். மருத்துவப் பரிசோதனையும் ஆவணக் கைப்பற்றலும் அதற்குக் காத்திருக்கக் கூடாது. யார் கையில் புகார் முதலில் வந்ததோ அவர் மேலே சொன்ன இரண்டு படிகளையும் முடித்துவிட்டுத்தான் கோப்பை மாற்ற வேண்டும். மாற்றும்போது கைப்பற்றியவற்றின் பட்டியல் கூடவே போகட்டும்.

இராணுவத்துக்குள் ஏதாவது விசாரணை நடந்தே ஆக வேண்டும் என்றால், விசாரிப்பவர் அதே கட்டளைச் சங்கிலியில் இருக்கக் கூடாது. அவருடைய பதவி உயர்வு அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் யார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயர் புகாரில் எங்காவது வந்தால் ஆளை மாற்றுங்கள். காவல்துறைக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நடவடிக்கைக்குப் பிறகு படைப்பிரிவு நடத்தும் உள் ஆய்வு வேறு, குற்ற விசாரணை வேறு. முன்னது அடுத்த முறை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ள நடத்துவது. அதில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கதையைக் கேட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால், சாட்சிகள் அனைவரும் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார்கள்.

இன்னொரு பொறி: அவசர அவசரமாக நடக்கும் ஒழுங்கு நடவடிக்கை. "கைதியைச் சரியாகக் கவனிக்கவில்லை" என்று இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்துவிட்டு, ஒரே செயலுக்கு இரண்டு தண்டனை கூடாது என்று பிறகு வாதிடுவார்கள். ஒழுங்கு நடவடிக்கை குற்ற வழக்குக்குத் தடை ஆகாது என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் தெரிவியுங்கள். முடிந்தால் அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பெயர் அடிபடும் ஆட்களைக் கைதிகளோடு தொடர்பில்லாத பணிக்கு மாற்றவும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

பாதிக்கப்பட்டவரே படைவீரராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பயிற்சியில் அடி வாங்கிய புது ஆள், புகாரைக் கொடுக்க வேண்டிய இடமே அடித்தவரின் அலுவலகம்தான். மேலதிகாரியைத் தாண்டி நேராக வழக்குரைஞருக்கு எழுத அவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். அப்படி எழுதியதைக் கட்டளை மீறலாக எடுக்கக் கூடாது.

6. பாதிக்கப்பட்டவரோடு பேசுவது

மருத்துவப் பரிசோதனைக்கு முன்பே நீண்ட வாக்குமூலம் எடுக்க முயலாதீர்கள். முதல் நாளில் பரிசோதனைக்கும் பாதுகாப்புக்கும் தேவையான அளவு கேட்டால் போதும்: என்ன, எங்கே, எப்போது, யார் மாதிரி. விரிவான பேச்சு அவர் தூங்கி, சாப்பிட்டு, வழக்கறிஞரைப் பார்த்த பிறகு.

ஒரே கதையை ஐந்து பேரிடம் சொல்ல வைப்பது பெரிய தவறு. ஒவ்வொரு முறையும் ஒரு நேரம் மாறும், ஓர் ஆள் கூடுவார் அல்லது குறைவார். பிறகு எதிர்த்தரப்பு அந்த ஐந்தையும் பக்கத்தில் வைத்து "முரண்பாடு" என்று காட்டும். ஒரே ஆள், ஒலிப்பதிவோடு, முழுதாக ஒரு முறை கேட்கட்டும்.

முரண்பாட்டைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணைக் கட்டி மூன்று நாள் தூங்கவிடாமல் வைத்திருந்த ஒருவர் தேதியைச் சரியாகச் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். "என்ன பார்த்தீர்கள்" என்று கேட்டு நிறுத்தாமல், என்ன சத்தம் கேட்டது, என்ன வாடை அடித்தது, தரை எப்படி இருந்தது, எத்தனை படி ஏறினீர்கள் என்று கேளுங்கள். கண்கட்டுக்குள்ளிருந்து சொன்ன படிக்கட்டுக் கணக்கு, இடத்தைப் போய்ப் பார்க்கும்போது சரியாக இருந்தால் அதன் எடையே வேறு.

திறந்த கேள்வியாகக் கேளுங்கள். "அவர்கள் மின்சாரம் வைத்தார்களா?" என்று கேட்டால் பதில் உங்களுடையது ஆகிவிடும். "அப்புறம் என்ன நடந்தது?" என்பது போதும். பாலியல் கொடுமையைப் பற்றி ஆண்களும் முதல் முறை சொல்வதில்லை. இரண்டாம் சந்திப்புக்குக் கதவைத் திறந்து வையுங்கள். பிறகு சொன்னார் என்பதற்காக அதன் மதிப்பைக் குறைக்காதீர்கள்.

7. மருத்துவ அறிக்கையை வாசிக்கும் விதம்

இஸ்தான்புல் நெறிமுறை, காயத்துக்கும் அவர் சொல்லும் கதைக்கும் உள்ள பொருத்தத்தை ஐந்து படியாகப் பிரிக்கிறது: பொருந்தவில்லை; பொருந்துகிறது, ஆனால் வேறு காரணமும் நிறைய இருக்கலாம்; மிகவும் பொருந்துகிறது, வேறு காரணம் குறைவு; இந்தக் கொடுமையில் வழக்கமாகக் காணப்படுவது; வேறு எதனாலும் வந்திருக்க முடியாது.

புதியவர்கள் ஐந்தாம் படியைத்தான் ஆதாரம் என்று நினைக்கிறார்கள். அது அரிது. இரண்டாம் படியில் நான்கு காயங்கள், சொன்ன நான்கு இடங்களில், சொன்ன நேரத்துக்குள் இருந்தால் மொத்தப் படம் வலுவானது. எனவே ஒவ்வொரு காயத்துக்கும் தனித்தனியே படி கேளுங்கள், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கருத்துக் கேளுங்கள்.

கன்றலின் நிறத்தை வைத்து நாளைக் கணிக்கும் அறிக்கையை நம்ப வேண்டாம். "பச்சை நிறம், எனவே ஐந்து நாள்" என்பது போன்ற கணக்கு அறிவியலில் நிற்காது. நீதிமன்றத்தில் அது உடைந்தால் உங்கள் வழக்கின் மற்ற பாகமும் ஆட்டம் காணும்.

காயம் இல்லை என்றால் சித்திரவதை இல்லை என்று ஆகாது. முகமூடி மாட்டுவது, வலி தரும் நிலையில் நிற்க வைப்பது, தூங்கவிடாமல் செய்வது, மூச்சுத் திணற வைப்பது எதுவுமே தோலில் எழுதிவிட்டுப் போவதில்லை. அதனால்தான் பலரும் அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே மனநல மதிப்பீடு துணைச் சான்று அல்ல, முதன்மைச் சான்று. முதல் நாளே அதற்கும் நேரம் வாங்கி வையுங்கள்.

காவலில் நல்ல உடலோடு போனவர் காயத்தோடு வெளியே வந்தால், எப்படி வந்தது என்று நம்பத்தக்க விளக்கம் தர வேண்டியது அரசு. தோமாசி (1992), ரிபிட்ச் (1995) வழக்குகளில் ஐரோப்பிய நீதிமன்றம் நிறுவிய விதி இது. "படியில் விழுந்தார்" என்றால் அந்தப் படியைக் காட்டட்டும். ஒரு விழுதலில் இரண்டு உள்ளங்காலும் வீங்குமா என்று மருத்துவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

8. சாட்சிகள், சந்தேக நபர்கள், மேலதிகாரி

முதலில் வெளி ஆட்களைக் கேளுங்கள்: பக்கத்து அறைக் கைதி, சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், மருத்துவ உதவியாளர். இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று யாரும் கவலைப்படுவதில்லை. அதனாலேயே நிறையப் பார்த்திருப்பார்கள். பணி மாறிப்போன ஆட்களையும் தேடுங்கள்.

சந்தேகத்துக்குரிய பிரிவின் ஆட்களை ஒரே நாளில், தனித்தனி அறைகளில், அவர்களின் அதிகாரி இல்லாமல் விசாரியுங்கள். மௌனம் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு ஈராக்கின் பாஸ்ராவில் 2003-இல் பிரிட்டிஷ் படையின் காவலில் இறந்த பஹா மூசாவின் வழக்கு உதாரணம். அவர் உடலில் 93 காயங்கள். ஏழு பேர் இராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். மனிதத்தன்மையற்று நடத்தியதை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு மட்டும் ஓராண்டுச் சிறை, மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். படையினர் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டதை நீதிபதியே வெளிப்படையாகச் சொன்னார். 2011-இல் வந்த பொது விசாரணை அறிக்கைதான், 1972-லேயே தடை செய்த விசாரணை முறைகள் எப்படித் திரும்பி வந்தன என்று விரித்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பாடம். அடித்தவரோடு நின்றுவிட்டால் கீழ்நிலை ஆள் மட்டும் சிக்குவார். யார் உத்தரவிட்டார், யாருக்குத் தெரியும், தெரிந்தும் யார் நிறுத்தவில்லை, யார் தண்டிக்கவில்லை என்று நான்கு கேள்வியையும் ஒவ்வொரு சாட்சியிடமும் கேளுங்கள். மேலதிகாரியின் உத்தரவு சித்திரவதைக்கு நியாயம் ஆகாது என்கிறது உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு. போரையோ நெருக்கடியையோ காரணமாகக் காட்ட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. முகாமில் நடந்த சத்தம் அதிகாரியின் அறைக்குக் கேட்குமா என்று இரண்டு அறைகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்து வரைபடத்தில் குறியுங்கள்.

சரி, இப்போது பிரிவின் விளக்கத்தைக் கேட்கலாம். உங்கள் கையில் உடலும் பதிவேடும் சாட்சியும் இருக்கின்றன. விளக்கம் அவற்றோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது இனி எளிது.

9. குற்றத்துக்கு அதன் பெயரை வையுங்கள்

"சாதாரணக் காயம்", "அதிகார துஷ்பிரயோகம்" என்று வழக்குப் போட்டால் நிரூபிப்பது எளிது என்பார்கள். எளிதுதான். ஆனால் தண்டனை சிறிதாகும், காலவரம்பு சீக்கிரம் முடியும், பொது மன்னிப்பு வந்தால் முதலில் மன்னிக்கப்படுவதும் அந்தக் குற்றங்கள்தான்.

உடன்படிக்கையின் 1-ஆம் பிரிவு சித்திரவதைக்குத் தரும் வரையறையின் கூறுகளை ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள்: கடும் வலி அல்லது வேதனை (உடலிலோ மனத்திலோ), வேண்டுமென்றே செய்தது, நோக்கம் (வாக்குமூலம், தண்டனை, மிரட்டல், பாகுபாடு), அரசு அலுவலரின் கை அல்லது சம்மதம் அல்லது கண்டும் காணாமை. ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் உள்ள சான்றை எழுதுங்கள். பெரும்பாலும் "நோக்கம்" வரிதான் காலியாக இருக்கும். அடிக்கும்போது என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்க மறந்திருப்பீர்கள். திரும்பப் போய்க் கேளுங்கள்.

உங்கள் நாட்டுச் சட்டத்தில் சித்திரவதை தனிக் குற்றமாக இல்லை என்றால், இருப்பவற்றில் மிகக் கடுமையானதை எடுத்து, நோக்கத்தையும் அலுவலர் தகுதியையும் குற்றப்பத்திரிகையிலேயே விவரியுங்கள்.

10. அதே ஆளின் மேல் உள்ள மற்ற வழக்கு

புகார்தாரர் மேல் ஏதாவது வழக்கு இருக்கும், அதில் அவருடைய ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கும். ஒரே அலுவலகத்தில் ஒரு மேசை சித்திரவதையை விசாரிக்க, பக்கத்து மேசை அதே வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் வாசித்துக்கொண்டிருக்கும். இது நடக்காமல் இரண்டு கோப்புகளிலும் ஒன்றின் எண்ணை மற்றொன்றில் எழுதுங்கள்.

சித்திரவதையால் பெற்ற வாக்குமூலத்தை எந்த நடவடிக்கையிலும் சான்றாகக் கொள்ளக் கூடாது என்கிறது உடன்படிக்கையின் 15-ஆம் பிரிவு. சித்திரவதை செய்தவருக்கு எதிராக, அப்படி ஒரு வாக்குமூலம் பெறப்பட்டது என்பதைக் காட்ட மட்டும் பயன்படுத்தலாம். 1990-இல் வந்த அரசு வழக்குரைஞர்களின் பணி குறித்த ஐ.நா. வழிகாட்டு நெறிகளின் 16-ஆம் விதி இதை நேரே வழக்குரைஞரின் தோளில் வைக்கிறது: அத்தகைய சான்றை மறுக்க வேண்டும், நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். எதிர்த்தரப்பு கேட்கட்டும் என்று காத்திருப்பது உங்கள் வேலை அல்ல.

11. முடிவை எழுதுதல்

ஆஸ்திரியா தொடர்பான ஒரு புகாரில், விசாரணை தொடங்கவே 15 மாதம் எடுத்ததை ஐ.நா. குழு 1993-இல் நியாயமற்றது என்றது. தொடங்குவதற்கு மட்டுமல்ல, ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி வைத்துக்கொண்டு, தாண்டினால் ஏன் என்று கோப்பில் எழுதுங்கள்.

வழக்குத் தொடர முடியாது என்று முடிவானால் "போதிய ஆதாரம் இல்லை" என்ற மூன்று சொல்லோடு நிறுத்தாதீர்கள். என்னென்ன செய்தோம், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, கிடைக்காததற்கு யார் காரணம் என்று எழுத வேண்டும். பதிவேடு காணாமல் போயிருந்தால் அது தனிக் குற்றமாகவே பதியப்பட வேண்டும். முடிவின் நகல் பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய மொழியில் போகட்டும், எங்கே, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற தகவலோடு. இழப்பீடும் மருத்துவமும் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு தரும் உரிமைகள். அடித்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் அவை அற்றுப்போவதில்லை. அந்த மனுவுக்கான படிவத்தையும் அதே உறையில் வையுங்கள்.

பிறகு தனிப் பதிவேட்டை எடுத்து, அந்த எண்ணுக்கு எதிரே முடிவையும் தேதியையும் பிரிவின் பெயரையும் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரிவு வாரியாக அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஒரே முகாமின் பெயர் மூன்றாம் முறை வந்தால், அடுத்த புகாருக்காகக் காத்திருக்காமல் அங்கே நேரில் போய் வரவேண்டும். போவதற்கு முன் தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.